மூன்று காட்சி, மூன்று தோல்வி

காலையில் படுக்கையை விட்டு எழ தோமிதாவுக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். நூற்று நாற்பது கிலோவை முதலில் வலப்பக்கம் புரட்ட வேண்டும். சுவரைப் பிடித்து வலது காலை ஊன்ற வேண்டும். அதன் பிறகு இடது முழங்காலிடம் கெஞ்ச வேண்டும். அது தினமும் யோசித்துத்தான் சம்மதிக்கும். முப்பத்தொன்பது வயதிலேயே இப்படி என்றால் ஐம்பதில் எப்படி இருக்கும் என்று நினைப்பதை அவர் நிறுத்தி வெகுநாளாகிவிட்டது.

மனைவி மிசுவே அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போன மாசம் சொன்னதைத்தான்."

"போன மாசம் என்ன சொன்னாரு?"

"விழக்கூடாதுன்னாரு."

"விழறதுதானே உங்க வேலையே?"

அவள் பட்டையின் முனையை உள்ளே செருகி, முழங்காலை ஒரு தட்டு தட்டினாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் மோதுவதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வா என்று அவரும் கூப்பிட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "இன்னைக்கு எத்தனை?" அவரும் "மூணு" என்பார். நாளுக்கு மூன்று காட்சி, மூன்று தோல்வி. ஆறு வருஷமாக அந்தக் கணக்கு மாறியதில்லை.

"எங்க கடையில சோறு வடிக்க ஆள் தேடறாங்கன்னு சொன்னேனே" என்றாள். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி விற்கும் கடை அவளுடையது, அதாவது அவள் வேலை பார்ப்பது. "உக்காந்துக்கிட்டே பாக்கலாம். இந்த மாசத்தோட உங்க ஒப்பந்தமும் முடியுது."

"ம்" என்றார் தோமிதா. இந்த 'ம்'முக்கு அர்த்தம் தேடி அவள் சலித்துவிட்டாள்.

ஒசாகாவில் நம்பா பக்கம், கீழ்த்தளத்தில் பச்சிங்கோ சூதாட்டக் கூடம் இரையும் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் அவருக்கு வேலை. ஊர் பார்க்க வருகிறவர்கள் சும்மா கோட்டையையும் கோயிலையும் பார்த்துவிட்டுப் போன காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் தாங்களே செய்து பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் வாள் சுழற்றுகிறார்கள். எதிர்க் கட்டடத்தில் உருண்டையாக ஆக்டோபஸ் பலகாரம் சுட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். தோமிதாவின் மாடியில் சுமோ வீரனை வளையத்துக்கு வெளியே தள்ளுகிறார்கள்.

வளையம் மண் அல்ல, மெத்தை. மோதுமுன் தூவும் உப்பு பேரங்காடி உப்பு. முதலில் இரண்டு முன்னாள் வீரர்கள் காலைத் தூக்கி மிதித்துக் காட்டுவார்கள். பிறகு தங்களுக்குள் மோதுவார்கள். அப்புறம் விருந்தாளிகள் பஞ்சு அடைத்த கொழுத்த உடை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து மோதுவார்கள். கடைசி மோதலில் விருந்தாளிதான் ஜெயிக்க வேண்டும். இது கம்பெனியின் சட்டம். ஜெயித்த படத்தோடு ஊர் திரும்பினால்தான் நாலு பேரிடம் சொல்வார்களாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புதுமாப்பிள்ளை கன்னத்தில் அறைந்துவிட்டான் என்று, கூட வேலை பார்க்கும் ஷிமோதா அவனைத் தூக்கிப் போட்டுவிட்டார். பெரிய ரகளை. மறுபடி ஒருமுறை இப்படி நடந்தால் யாராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று எழுதி, உடை மாற்றும் அறையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து கேமரா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறது.

தோற்பது லேசு என்று நினைப்பவர் அந்த வேலையைச் செய்து பார்க்க வேண்டும். எழுபது கிலோ ஆள் ஒருவன் வந்து முட்டுவான். நூற்று நாற்பது கிலோ அசையவா செய்யும்? ஆனால் அசைய வேண்டும். திணறுவது போலத் திணறி, பாதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டு, விளிம்பு வந்ததும் கச்சையைப் பிடித்த பிடியை விட வேண்டும். சுமோக்காரன் எதிராளியின் கச்சையைச் சுண்டுவிரலில்தான் முதலில் இறுக்குவான். மற்ற விரல்களெல்லாம் அதற்குத் துணைதான். விடும்போதும் அதே சுண்டுவிரல்தான் முதலில் தளரும். உடம்பு சாய்வதற்கு அரை மூச்சு முன்னால் அது நடந்துவிடும். விருந்தாளி எவனுக்கும் அது தெரியாது. தோமிதாவின் சுண்டுவிரல் இப்படி ஆறாயிரம் தடவையாவது தளர்ந்திருக்கும்.

அன்று பதினொரு மணிக் காட்சியில் கனடாவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவரிடம் தோற்றுவிட்டு உள்ளே வந்தார். ஷிமோதா நாற்காலியில் சாய்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அவரும் முன்னாள் வீரர்தான், தோமிதாவுக்கு ஐந்து வருஷம் இளையவர். அசல் ஒசாகாக்காரர், வாய் ஓயாது.

"அண்ணே, ரெண்டு மணிக்கு உங்களுக்கு வயித்துவலி."

"எனக்கா? நல்லாத்தானே இருக்கேன்."

"வரும். இந்த லிஸ்ட்டைப் பாருங்க."

இரண்டு மணிக் காட்சியில் இகராஷி என்ற பெயரில் ஆறு பேர். டோக்கியோவிலிருந்து. ஐந்து பேர் வெளிநாட்டு வியாபாரிகள்.

"இகராஷின்னா ஊருக்கு நூறு பேர் இருப்பான்."

"இந்த இகராஷி ஒருத்தன்தான் அண்ணே. சுமோவுல அவன் பேரு மினேகசே."

தோமிதா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முழங்கால் 'டக்' என்றது.

மினேகசே என்ற பெயரை அவர் வாயால் சொல்லிப் பதினொரு வருஷமாகிறது. சொல்லாவிட்டால் என்ன, தினமும் காலையில் எட்டு நிமிடம் முழங்கால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்போது தோமிதாவின் சுமோப் பெயர் இவாஹமா. சம்பளம் இல்லாத படிகளில் உச்சிப் படியில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேலே போனால் சம்பளம், தனி அறை, கச்சை கட்டிவிட ஆள், மரியாதை. கீழே இருந்தால் அடுத்தவன் முதுகைத் தேய்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் மிஞ்சிய குழம்பைக் குடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படிக் குடித்தவர் அவர். அந்த மார்ச் மாதம், இதே ஒசாகாவில், ஏழு மோதலில் மூன்று ஜெயித்து மூன்று தோற்றிருந்தார். ஏழாவதை ஜெயித்தால் மேலே போய்விடலாம். எதிரே மேல்படியில் தொங்கிக்கொண்டிருந்த மினேகசே. அவன் தோற்றால் கீழே இறங்க வேண்டும்.

மேல்படி வீரனோடு மோதுகிற அன்று மட்டும் கீழ்ப்படிக்காரனுக்கும் மேல்படிக் கொண்டை போட்டுவிடுவார்கள். விசிறி மாதிரியான கிங்கோ இலை போல விரிந்த கொண்டை. முடி திருத்துபவர் எண்ணெய் தடவிச் சீவி அதை விரித்துவிட்டபோது, கண்ணாடியில் தெரிந்த முகம் தோமிதாவுக்கே பிடித்துப்போனது. அன்று ஒருநாள்தான். நீண்ட மோதல். விளிம்பில் இடது முழங்கால் கழன்றது. மினேகசே மேலேயே இருந்துகொண்டான். தோமிதாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அதே மாதிரிக் கொண்டை மேசைமேல் இருக்கிறது. பொய்முடி. தினமும் மூன்று தடவை தலையில் ஏறி இறங்குகிறது.

"நான் சமாளிச்சுக்கறேன் அண்ணே. கடைசி ஆட்டத்தை நான் தோத்துக்கறேன். எனக்கென்ன, எங்கப்பாகிட்டயே தினம் தோக்கறவன் நான்" என்றார் ஷிமோதா.

"வேண்டாம். வர்றேன். ஆனா கடைசி ஆட்டம் உன்னுது."

வீட்டுக்குப் போயிருக்கலாம். வயிற்றுவலி என்றால் யாரும் வயிற்றைத் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் அவனைப் பார்த்து ஓடி ஒளிவதும் தோல்விதானே என்று அவருக்குத் தோன்றியது. தோற்றுத் தோற்று அலுத்துப்போன மனுஷனுக்கு அன்று ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. உலகத்தில் யார் முன்னால் தோற்றாலும் பரவாயில்லை. அவன் முன்னால், இந்தப் பொய்முடியோடு, சிரித்துக்கொண்டு தோற்கக் கூடாது.

இரண்டு மணிக்கு மேளம் ஒலிக்க இருவரும் உள்ளே போனார்கள். தலைநிமிராமலே தோமிதா அவனைப் பார்த்துவிட்டார். முன்வரிசையில், நடுவில். பாதி உடம்பு கரைந்திருந்தது. சாம்பல் நிறக் கோட்டு, தங்க நிறக் கடிகாரம். அவன் கண்கள் நேரே கொண்டையில் போய் நின்றன. தோமிதாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

காட்சியை நடத்துகிற ரிக்கா என்ற பெண் காதோரம் மைக்கோடு துள்ளினாள். நாள் முழுக்கத் துள்ளுவதற்கு அவளுக்கு எங்கிருந்துதான் தெம்பு வருகிறதோ. "ஒரு காலத்தில் இந்த நாட்டையே நடுங்க வைத்த மாவீரர், இவாஹமா!" என்று ஆங்கிலத்தில் முழங்கினாள். எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறாள், பாவம். வியாபாரிகள் கைதட்டினார்கள். மினேகசேயும் தட்டினான், மெதுவாக. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஆட்டங்கள் நடந்தன. பஞ்சு உடையில் இரண்டு வியாபாரிகள் உருண்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு யார் என்று ரிக்கா கேட்டபோது அந்த ஐந்து பேரும் சேர்ந்து மினேகசேயின் முதுகைத் தள்ளினார்கள். அவன் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஷிமோதா குடுகுடுவென்று நடுவில் போய் நின்றார்.

மினேகசே கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தான். சட்டையையும் கழற்றினான். காற்சட்டைக்கு மேலே ஒரு கச்சையைக் கட்டச் சொல்லி ஷிமோதாவிடமே நீட்டினான்.

"இவாஹமாவோட" என்றான்.

ஷிமோதா திரும்பிப் பார்த்தார். தோமிதா தலையசைத்தார். வேறு என்ன செய்ய? ஷிமோதா நடுவர் விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு, தோமிதாவின் கச்சையை இறுக்கும் சாக்கில் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார்: "அண்ணே, மேல கேமரா. சட்டம் ஞாபகம் இருக்கட்டும். மாசக் கடைசி வேற."

"தெரியும்டா."

குந்தி உட்கார்ந்து கைகளைத் தரையில் வைத்தபோதுதான் தோமிதா முடிவு செய்தார். இன்றைக்குத் தோற்க முடியாது. வேலை போனால் போகட்டும், சோறு வடிக்கப் போய்க்கொள்ளலாம். இந்த ஒருத்தனை மட்டும் ஒருமுறை, நிஜமாக வெளியே தள்ள வேண்டும்.

இரண்டு உடம்பும் மோதிய சத்தத்தில் ரிக்காவின் மைக் கீச்சிட்டது. விருந்தாளிகள் வாயை மூடினார்கள். இதுவரை பார்த்தது விளையாட்டு, இது வேறு என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. தோமிதாவின் இடது முழங்காலில் ஊசி இறங்கியது. இறங்கட்டும். வலது கை அவன் கச்சையைப் பிடித்துவிட்டது. அவன் பிடியும் இவர் கச்சையில் விழுந்தது. பழைய பிடி, அதே இடம், இரும்பு. வயிறு மட்டும்தான் தளர்ந்திருந்தது. ஒரு அடி தள்ளினார். அவன் குதிகாலை ஊன்றி நின்றான். நிஜமாகவே நின்றான். தோமிதாவுக்கு மூச்சு வாங்கியது, கண் இருண்டது, ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. ஆறு வருஷமாக எதிரே நின்ற யாரும் அவரை இப்படி எதிர்த்ததில்லை. இன்னொரு அடி. விளிம்பு வந்துவிட்டது. இன்னும் ஒரு தள்ளு.

அப்போதுதான் இடுப்பில் அது தெரிந்தது. அவர் கச்சையைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் தளர்ந்தது.

அரை மூச்சு கழித்து மற்ற விரல்கள் விட்டன. மினேகசே திணறுவது போலத் திணறி, கைகளை விரித்து, முன்வரிசை வியாபாரி ஒருவரின் மடியில் போய் விழுந்தான். கூடம் அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஷிமோதாவின் விசிறி தோமிதா பக்கம் நீண்டது. தோமிதா இடுப்பில் அந்தப் பிடி இருந்த இடத்தையே தடவிக்கொண்டு நின்றார்.

"நான் பாத்துக்கறேன், அவரே கேட்டுத்தான் நிஜமா மோதினீங்கன்னு கம்பெனிக்கு எழுதிடறேன். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு!" என்று ரிக்கா காதருகே கிசுகிசுத்தாள். அவர் காதில் அது பாதிதான் விழுந்தது.

வியாபாரிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மினேகசே கோட்டைப் போட்டுக்கொண்டு மின்தூக்கி பக்கம் போய் நின்றான். நிஜப் போட்டி நடக்கும் பெரிய அரங்கம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போகக் காத்திருந்தான் போலிருக்கிறது. தோமிதா கச்சையோடு, கொண்டையோடு, நொண்டிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார். மனசுக்குள் பதினொரு வருஷமாக 'அவன்'தான். வாயில் மரியாதைதான் வந்தது.

"ஏன் விட்டீங்க?"

"என்னத்தை?"

"ஆட்டத்தை."

"விட்டேன்னு யார் சொன்னா? எனக்கு நாப்பத்திரண்டு வயசு ஆச்சு இவாஹமா. நாலு வருஷமா கச்சை கட்டலை. நீ நல்லாத் தள்ளினே."

"சுண்டுவிரல்" என்றார் தோமிதா. "ஒரு நாளைக்கு மூணு தடவை நான் பாக்கிற வேலை அது. எனக்குத் தெரியாதா?"

மின்தூக்கி வந்து திறந்தது. யாரும் ஏறவில்லை. மூடிக்கொண்டு போய்விட்டது. மினேகசே கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"உன் இடது கால் நடுங்கிச்சு" என்றான் கடைசியில். "அன்னைக்கும் நடுங்கிச்சு. அந்தக் கால்ல வலி இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எங்க ஆளுங்க சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சேதான் அந்தப் பக்கமாத் தள்ளினேன். அது கழண்ட சத்தம் என் காதுலதான் முதல்ல கேட்டது. அதுக்கப்புறம் ஒசாகா வந்தாலே எனக்குத் தூக்கம் வர்றதில்ல. நீ இங்க இருக்கேன்னு கேள்விப்பட்டேன். அதான்... என்னால ஆனது."

தோமிதா சுவரில் சாய்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். முழங்காலைப் பற்றி வரவில்லை. வேறொன்றைப் பற்றி வந்தது.

"அது ஆட்டம்" என்றார். "வலிக்கிற பக்கம் எதுன்னு தெரிஞ்சா நானும் அங்கதான் தள்ளியிருப்பேன். தள்ளாதவன் என்ன சுமோக்காரன்? அன்னைக்கு நீங்க செஞ்சது சரிதான். இன்னைக்குச் செஞ்சதுதான் தப்பு."

"இவாஹமா..."

"பன்னிரண்டு வருஷத்துல என்கிட்ட மிஞ்சினது அந்த ஒரு தோல்விதாங்க. அதைச் சுத்தமா வச்சிருந்தேன். நீங்க முழுசா மோதினீங்க, நான் முழுசா மோதினேன், தோத்தேன். தினம் இங்க எவன்கிட்ட விழுந்தாலும், நிஜமாத் தோத்தது உங்ககிட்டதான்னு நினைச்சுக்குவேன். இனிமே அதை நினைக்கறப்ப இந்தச் சுண்டுவிரலும் சேர்ந்து வருமே."

வியாபாரிகள் கூச்சலோடு வராந்தாவுக்கு வந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மின்தூக்கிக் கதவு மூடும்போது அவன் தலை குனிந்தது. மோதி முடித்தவன் குனிகிற மாதிரி குறைவாக அல்ல, நன்றாக, இடுப்பு மடிய. தோமிதாவும் குனிந்தார். பொய்முடி நெற்றிக்கு இறங்கியது.

நாலரை மணிக்கு இன்னொரு காட்சி இருந்தது. ஷிமோதா முழங்காலில் குளிர் மருந்து அடித்துவிட்டார். அந்த வாய் ஓய்ந்திருந்ததே அதிசயம். கொண்டையை மட்டும் எடுத்து நீட்டி, "போடறீங்களா, இல்ல நான் எதாவது சொல்லிக்கவா?" என்றார்.

"குடு. வேலைதானே."

போட்டுக்கொண்டார். மத்தியானம் சுட்டது போல இப்போது அது சுடவில்லை. தொப்பி மாதிரி இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தி, மூக்குக்கண்ணாடியைக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் பற்களைக் கடித்துக்கொண்டு வந்து முட்டினாள். தோமிதா திணறினார், வழுக்கினார், விளிம்பில் சுண்டுவிரலை விட்டார், விழுந்தார். முழங்கால் கத்தியது. வாத்தியாரம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தாள். விற்றது விற்றதாக, வாங்கியது வாங்கியதாக இருந்தது. இதில் ஏமாந்தவர் யாரும் இல்லை என்று மெத்தையில் கிடந்தபடியே நினைத்துக்கொண்டார். எழுந்திருக்கத்தான் ஷிமோதாவின் தோள் வேண்டியிருந்தது.

ரயிலடிக்குப் போகும் வழியில் பெரிய அரங்கத்திலிருந்து அன்றைய போட்டி முடிந்த மேளம் கேட்டது. கூட்டம் சிரித்துக்கொண்டே தெருவில் வழிந்தது. அவரைக் கடந்து போன ஒருவர், உடம்பைப் பார்த்துவிட்டு யாராவது வீரராக இருக்குமோ என்று நின்று பார்த்தார். பிறகு முகம் தெரியாத ஆள் என்று போய்விட்டார். தோமிதா பத்தடிக்கு ஒருமுறை கம்பத்தைப் பிடித்து நின்று நின்று போனார்.

வீட்டில் மிசுவே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு எத்தனை?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு ஒன்று. நாலரைக்கு ஒன்று. இரண்டு மணிக்கு விசிறி அவர் பக்கம்தான் நீண்டது. கேமராவிலும் அப்படித்தான் பதிவாகியிருக்கும். செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தார்.

"மூணு" என்றார்.

"மூணு வரைக்கும் எண்ண இவ்வளவு நேரமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, முழங்கால் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.